மூன்று தண்டுகளில் தொடங்குதல்: இகெபானா கற்க வருபவர்களுக்கு

ஜப்பானிய மலர் அமைப்புக் கலையான இகெபானாவைக் கற்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் எந்தப் பூக்களை வாங்க வேண்டும் என்ற கேள்வியோடுதான் தொடங்குகிறார்கள். எந்தக் கிளையை எடுப்பது, அதிலிருந்து எவற்றை வெட்டி நீக்குவது என்ற கேள்வியே அதற்கு முன்னால் வர வேண்டும் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். பூவின் நிறம் முதல் பார்வையிலேயே கண்ணில் பட்டுவிடும். ஒரு கிளை எங்கே வளைகிறது, எந்தப் பக்கம் வெயிலைப் பார்த்து வளர்ந்தது, அதில் எந்தச் சிறுகிளை மிகை என்பதெல்லாம் நின்று பார்த்தால்தான் தெரியும். அந்தப் பார்வையைப் பழக்குவதே தொடக்கநிலைப் பயிற்சியின் பெரும்பகுதி. இதுவரை இகெபானாக் கருவி எதையும் தொட்டிராத ஒருவர், தம் வீட்டு மேசையின் மீது முதல் அமைப்பை முறைப்படி செய்து முடிக்க வேண்டும் என்ற எண்ணத்தில் இதை எழுதுகிறேன்.

‘இகெரு’ என்ற வினைச்சொல்லுக்கு உயிரோடு வைத்தல் என்று பொருள். ‘ஹானா’ என்றால் பூ. இரண்டும் சேர்ந்ததே இகெபானா. இதற்குக் ‘காடோ’ என்ற பெயரும் உண்டு. ஜூடோ என்ற சொல்லின் இறுதியில் உள்ள அதே ‘டோ’தான் இங்கும் வருகிறது, வழி அல்லது நெறி என்ற பொருளில். செடியிலிருந்து வெட்டப்பட்ட பிறகும் தண்டு உயிரோடுதான் இருக்கிறது, அதை அவ்வாறே மதித்துக் கையாள வேண்டும் என்ற கருத்து அந்தப் பெயரிலேயே அடங்கியிருக்கிறது.

எந்த மரபில் கற்பது

இந்தக் கலையின் வேர் புத்தர் சன்னிதியில் மலர் படைக்கும் வழக்கத்தில் இருக்கிறது. கியோத்தோ நகரின் நடுவே உள்ள ரொக்காகுதோ கோயிலில் குளக்கரையில் வாழ்ந்த துறவிகள் மலர் படைத்து வந்தார்கள் என்றும், குளத்தருகே இருந்த அந்த உறைவிடத்தின் பெயரே ‘இகெனோபோ’ என்று மரபின் பெயராயிற்று என்றும் சொல்வார்கள். இகெனோபோ சென்கெய் என்ற துறவி அமைத்த மலர்களைக் காணக் கியோத்தோ மக்கள் திரண்டதாக 1462ஆம் ஆண்டின் நாட்குறிப்பு ஒன்று குறிப்பிடுகிறது. அதே மரபில் வந்த சென்னோ 1542இல் எழுதிய குறிப்புகளில், அழகிய பூவைக் குடத்தில் இட்டு மகிழ்வதோடு நின்றுவிடாமல், உடைந்த சாடியில் ஒரு பழங்கிளையை நிறுத்தினாலும் மலையும் வயலும் நீர்க்கரையும் அதில் தெரிய வேண்டும் என்ற கருத்தை முன்வைத்தார். பூவைவிடக் கிளையைப் பற்றி நான் கூடுதலாகப் பேசுவதற்கு இந்தப் பழைய கருத்தும் ஒரு காரணம்.

பெரிய அளவில், கண்டிப்பான விதிகளுடன் அமைக்கப்படும் ‘ரிக்கா’ முறையும், அதைவிட எளிய ‘ஷோகா’ முறையும் இகெனோபோ மரபின் செல்வங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மேலைநாட்டுப் பூக்கள் ஜப்பானுக்குள் பெருமளவில் வந்தன. அவற்றில் பல குட்டையான காம்பும் பெரிய முகமும் கொண்டவை. நெடிய குடுவையில் பழைய முறைப்படி நிறுத்த அவை ஒத்துவரவில்லை. ஒஹாரா உன்ஷின் என்ற கலைஞர் அவற்றை அகன்ற தட்டையான கலத்தில் பரப்பி அமைக்கும் ‘மொரிபானா’ முறையை உருவாக்கினார். ஒஹாரா மரபு அதிலிருந்து வளர்ந்தது. 1927இல் தெஷிகஹாரா சோஃபு தொடங்கிய சோகெத்சு மரபு, யாரும், எங்கும், எப்போதும், எந்தப் பொருளைக் கொண்டும் அமைக்கலாம் என்ற கொள்கையோடு எழுந்தது.

மரபுத் தேர்வில் தொடக்கநிலையாளர் அதிகமாகத் தடுமாற வேண்டியதில்லை. அருகில் எந்த மரபின் ஆசிரியர் இருக்கிறாரோ அந்த மரபில் சேர்வதே நல்லது. நேரில் திருத்தும் ஒரு கைக்கு எந்த நூலும் காணொளியும் ஈடாகாது. ஒரே நேரத்தில் இரண்டு மரபுகளைக் கலந்து படிப்பதை மட்டும் தவிர்க்க வேண்டும். மூன்று முதன்மைத் தண்டுகளுக்கு ஒவ்வொரு மரபும் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறது. வானம், மனிதன், மண் என்ற உவமையைக்கூட எல்லாரும் ஒரே வரிசையில் சொல்வதில்லை. கீழே நான் விளக்கும் அமைப்பு, சோகெத்சு மரபில் முதல் பாடமாகக் கற்பிக்கப்படும் நிமிர்ந்த மொரிபானா. அளவும் கோணமும் எண்களாக வரையறுக்கப்பட்டிருப்பதால், தனியாகப் பயில்கிறவர் தம் வேலையைத் தாமே சரிபார்த்துக்கொள்ள அது வசதியானது.

கருவிகள்

மூன்று பொருள்கள் போதும். முதலாவது, ‘சுய்பான்’ எனப்படும் ஆழம் குறைந்த அகன்ற கலம். சுமார் 30 செ.மீ. அகலமும் 5 அல்லது 6 செ.மீ. உயரமும் கொண்ட, வேலைப்பாடு இல்லாத ஒற்றை நிறக் கலமாக இருக்கட்டும். கறுப்பு, வெள்ளை, சாம்பல் ஆகிய நிறங்கள் எந்தப் பூவோடும் சண்டையிடாது. இரண்டாவது, ‘கென்சான்’. வாள்மலை என்று பொருள்படும் பெயருக்கேற்ப, கனமான ஈய அடித்தட்டில் பித்தளை ஊசிகள் நெருக்கமாக நிற்கும் கருவி இது. வாங்கும்போது கையில் தூக்கிப் பார்த்து, அளவுக்கு மீறிய கனமாகத் தோன்றுவதையே தேர்ந்தெடுக்க வேண்டும். இலேசான கென்சான் ஒரு சாய்ந்த கிளையை ஏற்றியவுடன் கவிழ்ந்துவிடும். ஏழெட்டு செ.மீ. விட்டமுள்ள ஒன்று தொடக்கத்துக்குப் போதும். அடித்தட்டு ஈயம் என்பதால், அதைத் தொட்டபின் கைகளைக் கழுவ வேண்டும். உணவுக்குப் பயன்படும் பாத்திரங்களில் அதை வைக்கக் கூடாது.

மூன்றாவது ‘ஹசாமி’ எனப்படும் கத்தரி. குட்டையான, தடித்த அலகுகளும் அகன்ற பிடிகளும் கொண்ட ஜப்பானியக் கத்தரி கிடைத்தால் வாங்கலாம். இல்லையெனில் தோட்ட வேலைக்குரிய நல்ல கூர்மையான கத்தரி போதும். தடித்த கிளையை அலகின் நுனியால் வெட்ட முயலாமல், அலகுகள் ஒன்று சேரும் அடிப்பகுதிவரை உள்ளே தள்ளி வெட்டினால் கைக்கும் வலிக்காது, தண்டும் நசுங்காது. கம்பி எதையும் அதால் வெட்ட வேண்டாம். வேலை முடிந்ததும் தாவரப் பாலைத் துடைத்து, நன்கு உலர்த்தி, ஒரு துளி எண்ணெய் தடவி வைத்தால் நெடுநாள் உழைக்கும்.

தண்டை நீர் குடிக்கச் செய்தல்

பலர் தாண்டிச் செல்லும் படி இது. முதல் அமைப்பு மாலைக்குள் தலைகுனிந்து போவதற்கும் இதைத் தாண்டியதே பெரும்பாலும் காரணம். வெட்டிய தண்டின் நுண்குழாய்களில் காற்று புகுந்துவிட்டால் நீர் மேலேற முடியாது. ஆகவே வாளியில் நீர் நிரப்பி, தண்டின் அடியை நீருக்குள் ஆழ்த்தி, நீருக்குள்ளேயே இரண்டு மூன்று செ.மீ. அளவுக்கு வெட்டிவிட வேண்டும். இதற்கு ‘மிசுகிரி’ என்று பெயர். வெட்டியபின் குறைந்தது ஒரு மணி நேரம் ஆழமான நீரில், வெயிலும் காற்றும் படாத இடத்தில் நிற்க விட்டு, பிறகே அமைக்கத் தொடங்க வேண்டும்.

எல்லாத் தாவரங்களுக்கும் இது ஒன்றே போதாது. சாமந்தியின் தண்டைக் கத்தரியால் வெட்டாமல் நீருக்குள் கையால் ஒடிப்பது ஜப்பானிய வழக்கம். ஒடிந்த முனை நார்நாராகப் பிரிந்து அதிக நீரை உறிஞ்சும். ஏற்கெனவே வாடத் தொடங்கிய பூவாக இருந்தால், பூவையும் இலைகளையும் ஆவி படாதபடி செய்தித்தாளில் சுற்றி, தண்டின் அடி ஓரிரு செ.மீ. மட்டும் கொதிநீரில் அரை நிமிடம் அமிழ்த்தி, உடனே குளிர்ந்த ஆழமான நீருக்கு மாற்ற வேண்டும். உள்ளே சிக்கிய காற்று விரிந்து வெளியேறிவிடும். கட்டையான கிளைகளின் அடியைச் சிலுவை வடிவில் பிளந்துவிட்டால் நீர் ஏறும் பரப்பு கூடும்.

பொருள் தேர்வு

முதல் அமைப்புக்குத் தேவையானவை ஒரே வகைக் கிளைகள் இரண்டு அல்லது மூன்றும், ஒரே வகைப் பூக்கள் மூன்று முதல் ஐந்தும் மட்டுமே. ஜப்பானில் ஆசிரியர்கள் பருவத்தைப் பார்த்துப் பொருளைத் தருவார்கள்: புத்தாண்டுக்குப் பைன், மார்ச் 3 சிறுமியர் திருநாளுக்குப் பீச் கிளை, மே 5 நாளுக்கு ஐரிஸ், இலையுதிர் காலத்துக்குச் சாமந்தியும் சுசுகிப் புல்லும். வெளியே என்ன வளர்ந்துகொண்டிருக்கிறதோ அதையே உள்ளே கொண்டுவர வேண்டும் என்பதுதான் இதன் உட்பொருள்; ஆகவே ஜப்பானியத் தாவரங்களைத் தேடி அலைவதைவிட, தம் ஊரின் தாவரங்களைக் கவனிப்பதே இந்தக் கலைக்குச் செய்யும் மரியாதை.

தமிழ்நாட்டுப் பூச்சந்தைகளில் பூக்கள் பெரும்பாலும் உதிரியாகவும் சரமாகவும் விற்பனையாவதால், நீண்ட காம்போடு கூடிய பூக்களுக்குப் பூங்கொத்துக் கடைகளைத்தான் நாட வேண்டியிருக்கும். அங்கே சாமந்தி, கார்னேஷன், ஜெர்பரா, சம்பங்கி ஆகியவை கிடைக்கும். கிளைக்கு வீட்டு மாதுளையும் கொய்யாவும் நன்றாக ஒத்துழைக்கும். குறிப்பாகச் சிறிய இலைகளும் இயல்பான வளைவும் கொண்ட மாதுளைக் கிளை கோட்டின் அழகைத் தெளிவாகக் காட்டும். துளிர்விட்ட இளங்கிளைகள் விரைவில் துவண்டுவிடும் என்பதால் முற்றிய கிளையையே வெட்ட வேண்டும். செம்பருத்தி பெரும்பாலும் ஒரே நாளில் சுருண்டுவிடும், பயிற்சிக்கு ஆகாது. அரளியின் பால் நஞ்சு என்பதால் குழந்தைகள் உள்ள வீட்டில் அதைத் தொட வேண்டாம்.

அளவும் கோணமும்

முதன்மைத் தண்டுகள் மூன்று. மிக நீண்டது ‘ஷின்’, அடுத்தது ‘சோஎ’, குட்டையானது ‘ஹிகாஎ’. ஷின்னும் சோஎயும் கிளைகளாகவும், ஹிகாஎ பூவாகவும் இருப்பது தொடக்கப் பாடத்தின் வழக்கம். கலத்தின் அகலத்தையும் உயரத்தையும் கூட்டி, அதை ஒன்றரை மடங்காக்கினால் ஷின்னின் நீளம் கிடைக்கும். ஷின்னில் முக்கால் பங்கு சோஎ. சோஎயில் முக்கால் பங்கு ஹிகாஎ. கலம் 30 செ.மீ. அகலமும் 6 செ.மீ. உயரமும் கொண்டதென்றால் கூட்டுத்தொகை 36; ஷின் 54 செ.மீ., சோஎ ஏறத்தாழ 40 செ.மீ., ஹிகாஎ 30 செ.மீ. என்று வரும். வளைந்த கிளையை வளைவோடு சேர்த்தே அளக்க வேண்டும்.

கோணங்கள் செங்குத்துக் கோட்டிலிருந்து கணக்கிடப்படுகின்றன. ஷின் 10 முதல் 15 பாகை அளவுக்கு இடப்புறமாகவும் சற்று முன்னோக்கியும் சாயும். சோஎ 45 பாகை, அதுவும் இடப்புற முன்பக்கமாக. ஹிகாஎ 75 பாகை, வலப்புற முன்பக்கமாக. மூன்றுமே பார்ப்பவரை நோக்கி முன்வருவதைக் கவனிக்க வேண்டும். ஜப்பானிய வீட்டில் மலர் அமைப்பு நெடுங்காலம் ‘தொகோனொமா’ என்ற சுவர் மாடத்தில் வைக்கப்பட்டு, எதிரே தரையில் அமர்ந்தவரால் முன்புறமிருந்து மட்டும் பார்க்கப்பட்டது. பின்னால் சுவர் இருந்த இடத்தில் பிறந்த கலை என்பதால், ஆழம் முழுவதும் முன்புறத்தில்தான் உருவாக வேண்டியிருக்கிறது. புதியவர்களின் அமைப்பு ஒரு விசிறியைப் போலத் தட்டையாகத் தெரிவது, இந்த முன்சாய்வை மறந்து தண்டுகளை இடமும் வலமும் மட்டும் விரிப்பதால்தான்.

அமைக்கும் முறை

கென்சானைக் கலத்தின் நடுவில் வைக்காமல், இடப்புற முன்பகுதியில் வைத்து, அதன் ஊசிகள் முழுவதும் மூழ்கும்வரை நீர் ஊற்ற வேண்டும். மீதிப் பரப்பில் நீர் வெறுமையாகத் தெரியட்டும்; அந்த வெறுமையும் அமைப்பின் ஓர் உறுப்புதான்.

பிறகு ஷின்னாகப் போகும் கிளையைக் கையில் எடுத்து, கண்ணுக்கு நேராகப் பிடித்து, மெதுவாகச் சுழற்றிப் பார்க்க வேண்டும். வெயிலைப் பார்த்து வளர்ந்த பக்கத்தில் இலைகளின் மேற்புறம் தெரியும். அதுவே கிளையின் முகம். முகம் முன்னோக்கி வரும்படி பிடித்துக்கொண்டு, நுனிவரை செல்லும் ஒரு முதன்மைக் கோட்டை மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். அந்தக் கோட்டைக் குறுக்கே வெட்டும் சிறுகிளைகள், அதற்கு இணையாக ஓடி அதன் வலிமையைப் பங்குபோடும் சிறுகிளைகள், பின்னோக்கி வளர்ந்தவை, கிழிந்த இலைகள் ஆகியவற்றை ஒவ்வொன்றாக நீக்க வேண்டும். ஒன்றை வெட்டியதும் கிளையைத் தள்ளிப் பிடித்துப் பார்த்து, அதன் பிறகே அடுத்ததை வெட்டுவது நல்லது. முழு அமைப்புக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால், அதில் பாதியை இந்த ஒரு வேலைக்கே கொடுக்கலாம். வெட்டத் தயங்குவது எல்லாருக்கும் இயல்பு. எந்தச் சிறுகிளையை விடுவது என்று ஐயம் வந்தால், வெட்டுவதற்கு முன் அதை விரலால் மறைத்துப் பார்த்தால் விடை தெரிந்துவிடும்.

கிளையின் வளைவு போதவில்லையென்றால் கையாலேயே வளைக்கலாம். இரண்டு கட்டைவிரல்களையும் வளைவு வேண்டிய இடத்தில் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து, கை வெப்பம் படப்பட மெதுவாக அழுத்த வேண்டும். தடித்த கிளையில், வளைக்கும் இடத்தில் கனத்தின் மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்குச் சாய்வாக ஒரு வெட்டுப் போட்டுவிட்டு வளைத்தால் ஒடியாது.

கிளையின் அடியைச் சாய்வாகவும் பூக்காம்பின் அடியை நேராகவும் வெட்டுவது பொதுவிதி. சாய்வான முனை ஊசிகளுக்கு இடையில் எளிதில் புகும். மென்மையான காம்பு நேராக வெட்டப்பட்டால் ஊசியின் மீது உறுதியாக அமரும். கிளையை முதலில் செங்குத்தாகவே அழுத்தி ஊன்றி, பிறகு அடிப்பகுதியைப் பிடித்து வேண்டிய கோணத்துக்குச் சாய்க்க வேண்டும். வெட்டிய முகம் மேற்புறமாக, அதாவது சாயும் திசைக்கு எதிரே இருக்கட்டும். நுனியைப் பிடித்துச் சாய்த்தால் கிளை ஊசியிலிருந்து கழன்றுவிடும். காம்பு மிக மெல்லியதாக இருந்து ஊசிகளுக்கு நடுவே வழுக்கினால், அதன் அடியோடு இன்னொரு சிறு தண்டைச் சேர்த்துக் கட்டி ஊன்றலாம். கிளையின் கனத்தால் கென்சான் தூக்கிக்கொண்டால், மற்றொரு கென்சானைத் தலைகீழாக்கி எதிர்ப்புற ஓரத்தின் மீது எடையாக வைக்கலாம்.

ஷின் நின்றதும் சோஎ, பின்னர் ஹிகாஎ. மூன்றும் நின்றவுடன் மற்றவற்றைத் தொடாமல், நாற்காலியில் எதிரே அமர்ந்து பார்க்க வேண்டும். மூன்று நுனிகளையும் கற்பனைக் கோடுகளால் இணைத்தால், பக்கங்கள் சமமில்லாத ஒரு முக்கோணம், முன்புறம் சாய்ந்த நிலையில் தெரிய வேண்டும். இங்கே சரியாக வராதது மேலும் பூக்களைச் சேர்ப்பதால் சரியாகிவிடாது. எடுத்து மீண்டும் ஊன்றுவதே வழி.

அதன்பின் துணைத்தண்டுகள். ‘ஜூஷி’ எனப்படும் இவை, தாம் துணைநிற்கும் முதன்மைத் தண்டைவிடக் குட்டையாகவே இருக்க வேண்டும். ஒன்றின் உயரம் மற்றொன்றுக்கு வரக் கூடாது. இரண்டு பூக்கள் ஒரே திசையில் ஒரே முகத்தோடு பார்ப்பதையும் தவிர்க்க வேண்டும். கென்சானை மறைக்க ஒரு குட்டைப் பூவையும் இரண்டொரு இலைகளையும் முன்னால் வைத்தால் போதும். பாசியையோ கூழாங்கல்லையோ அள்ளிக் கொட்டினால் தண்டுகள் நீரிலிருந்து எழும் இடத்தின் தூய்மை கெட்டுவிடும். ஷின்னுக்கும் ஹிகாஎக்கும் நடுவே இருக்கும் வெற்றிடத்தைக் கண்டு மனம் பதறும், அங்கே ஒரு பூ வைத்தால் என்ன என்று தோன்றும். ஜப்பானியர் ‘மா’ என்று அழைக்கும் இடைவெளி அதுதான். கிளையின் கோடு கண்ணுக்குப் புலப்படுவது அந்த வெற்றிடத்தின் தயவால்தான். அதை நிரப்பாமல் விட்டுவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

முடித்த பிறகு

ஜப்பானிய வகுப்புகளில் ஓர் அருமையான வழக்கம் உண்டு. மாணவர் அமைத்ததை ஆசிரியர் வந்து திருத்துவார். சில நேரம் ஒரே ஒரு தண்டை இரண்டு பாகை நகர்த்துவதோடு திருத்தம் முடிந்துவிடும். மாணவர் அதைப் படமாக வரைந்தோ ஒளிப்படமாக எடுத்தோ வைத்துக்கொண்டு, அமைப்பு முழுவதையும் பிரித்து, தண்டுகளைத் தாளில் சுற்றி வீட்டுக்கு எடுத்துச் சென்று, நினைவிலிருந்து மீண்டும் அமைப்பார். தனியாகப் பயில்கிறவரும் இதை அப்படியே பின்பற்றலாம்: முதல் அமைப்பை ஒளிப்படம் எடுத்துவிட்டுப் பிரித்து, அதே தண்டுகளால் அன்றே மறுபடி அமைக்க வேண்டும். இரண்டாம் முறையில் கைகள் எவ்வளவு தெளிவடைகின்றன என்பதைக் கண்டால் வியப்பாக இருக்கும். ஒரு குறிப்பேட்டில் நாள், கலத்தின் அளவு, தண்டுகளின் பெயர், நீளம், எத்தனை நாள் தாங்கின என்பவற்றை எழுதி வைத்தால், ஓராண்டில் தம் ஊர்த் தாவரங்களைப் பற்றிய சொந்தக் கையேடே உருவாகிவிடும்.

வெப்பமான நாள்களில் தினமும் நீரை மாற்ற வேண்டும். கென்சானை அசைக்காமல் ஒரு சிறு குவளையால் பழைய நீரை மொண்டு எடுத்துவிட்டுப் புதுநீர் ஊற்றலாம். பூக்கள் முதலில் உதிரும், கிளை நின்றுகொண்டிருக்கும். அப்போது கிளையை மட்டும் குறுக்கி, சிறிய கிண்ணத்தில் புதிதாக வாங்கிய ஒற்றைப் பூவோடு நிறுத்தலாம். எல்லாம் முடிந்தபின் கென்சானின் ஊசிகளுக்கு இடையே சிக்கிய தண்டுத் துணுக்குகளைக் குச்சியால் குத்தி எடுத்து, தூரிகையால் தேய்த்துக் கழுவி, வளைந்த ஊசிகளை நிமிர்த்தி, தலைகீழாக வைத்து உலர்த்த வேண்டும்.

இந்த நிமிர்ந்த அமைப்பை வெவ்வேறு கிளைகளோடு பத்து முறையாவது செய்த பிறகே அடுத்த பாடத்துக்குப் போவது நல்லது. அடுத்த பாடம் சாய்ந்த அமைப்பு: அங்கே ஷின் 45 பாகைக்குச் சாயும், சோஎ 15 பாகையில் நிமிரும், ஹிகாஎ தன் 75 பாகையிலேயே இருக்கும். மாதுளையோ கொய்யாவோ, இயல்பிலேயே பக்கவாட்டில் வளர்ந்த ஒரு கிளையை அதற்கென்று பார்த்து வைத்துக்கொள்ளலாம்.